பேஸ் கிட்டாருக்கு எந்த நிறம்? படத்தை மட்டும் பார்த்து வாங்குபவர்களுக்கு ஓர் ஒப்பீடு

லேக் பிளாசிட் ப்ளூ நிறத்தில் ஒரு ஃபெண்டர் ஜாஸ் பேஸ் வாங்கலாம் என்று இணையத்தில் தேடினால், முதல் படத்தில் அது கருநீலமாக இருக்கும். அடுத்த படத்தில் மயில்கழுத்து. மூன்றாவதில் சாம்பல் பூத்த வெளிர்நீலம். மூன்றும் ஒரே பெயிண்ட்தான். ஒருவரும் ஃபில்டர் போடவில்லை, யாரும் ஏமாற்றவில்லை என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் மூன்று நிறம் வரத்தான் செய்யும்.

கடைக்குப் போய் எடுத்துப் பார்க்கும் வசதி இருந்தால் இவ்வளவு யோசிக்க வேண்டியதில்லை. ஆனால் பேஸ் கிட்டார்களை நிறைய வைத்திருக்கும் கடைகள் பெருநகரங்களில்தான் இருக்கின்றன. அங்கேயும் நமக்கு வேண்டிய மாடல் கறுப்பிலும் சன்பர்ஸ்ட்டிலும் மட்டும் தொங்கிக்கொண்டிருக்கும். வேறு நிறம் வேண்டுமென்றால் படத்தைப் பார்த்து ஆர்டர் போட வேண்டியதுதான். பழைய பேஸ் என்றால் கேட்கவே வேண்டாம், விற்பவர் தன் அறையின் டியூப்லைட்டில் எடுத்து அனுப்பும் நாலு படம்தான் ஆதாரம்.

அதனால் நான்கு நிறங்களை எதிரெதிரே வைத்துப் பார்ப்போம்: ஒலிம்பிக் ஒயிட், த்ரீ-டோன் சன்பர்ஸ்ட், லேக் பிளாசிட் ப்ளூ, கேண்டி ஆப்பிள் ரெட். நான்கும் ஃபெண்டரின் பழைய நிறங்கள். மற்ற கம்பெனிகளும் வெவ்வேறு பெயர்களில் இவற்றை ஒட்டியே அடிக்கின்றன. இவற்றை எடுத்துக்கொண்டதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நான்கும் நான்கு வகைப் பூச்சு. ஒயிட், மரத்தை முழுக்க மூடும் பூச்சு. சன்பர்ஸ்ட், நடுவில் மஞ்சள், சுற்றிச் சிவப்பு வளையம், விளிம்பில் கறுப்பு என்று படிப்படியாக மாறி, நடுவில் மரத்தின் ரேகை தெரியும்படி விடும் பூச்சு. ப்ளூ, உலோகத் துகள் கலந்த மெட்டாலிக். ரெட், உலோகப் பூச்சுக்கு மேலே ஒளி ஊடுருவும் சிவப்பை அடித்த 'கேண்டி'. இந்த நான்கும் புரிந்துவிட்டால் சந்தையில் உள்ள மற்ற நிறங்களில் பெரும்பாலானவை எப்படி நடந்துகொள்ளும் என்று ஊகித்துவிடலாம்.

வெயிலுக்காகப் பிறந்த பெயிண்ட்

ஃபெண்டரின் பிரிசிஷன் பேஸ் 1951இல் வந்தபோது வெளிர்மஞ்சள் சாயலுள்ள ப்ளாண்ட் நிறத்தில்தான் வந்தது. சன்பர்ஸ்ட் பிறகுதான் வழக்கமானது. ஜாஸ் பேஸ் வெளிவந்தது 1960இல். அந்தக் காலகட்டத்தில் ஃபெண்டர் தன் கஸ்டம் நிறங்களுக்கு ஓர் அட்டையே வெளியிட்டது. அதில் இருந்தவை பெரும்பாலும் டூபான்ட் கம்பெனியின் கார் பெயிண்ட்கள். லேக் பிளாசிட் ப்ளூவும் ஒலிம்பிக் ஒயிட்டும் 1950களின் கடைசியில் காடிலாக் கார்களில் ஓடிய நிறங்கள். ஃபியஸ்டா ரெட், ஃபோர்டு தண்டர்பேர்டிலிருந்து வந்தது. 1963 வாக்கில் சேர்ந்த கேண்டி ஆப்பிள் ரெட் மட்டும் கொஞ்சம் வேறு கதை. அமெரிக்காவில் கார்களை அலங்கரித்து ஓட்டுபவர்கள் விரும்பிய கேண்டி பாணியில் ஃபெண்டரே அமைத்துக்கொண்ட நிறம் அது.

பழைய கதையை இங்கே இழுப்பதற்குக் காரணம் இருக்கிறது. கார் வெயிலில் நிற்கும் பொருள். உலோகத் துகள் மின்ன வேண்டுமென்றால் சூரியனைப் போல ஒரே புள்ளியிலிருந்து வரும் கூர்மையான வெளிச்சம் வேண்டும். துகள்களில் சில அந்த வெளிச்சத்தை நேராகக் கண்ணுக்குத் திருப்பும், பக்கத்தில் உள்ளவை திருப்பாது. அந்த வித்தியாசம்தான் மினுக்கம். பேஸோ வீட்டுக்குள் இருக்கும் பொருள். வெள்ளைச் சுவரிலும் கூரையிலும் பட்டுப் பரவி வரும் வெளிச்சத்தில் எல்லாத் துகளும் ஏறக்குறைய ஒரே அளவு ஒளியைக் கொடுப்பதால் மினுக்கம் அடங்கி, நிறத்தில் சாம்பல் தட்டிவிடும். லேக் பிளாசிட் ப்ளூவை வாங்கி ஏமாந்ததாகச் சொல்பவர்களுக்குப் பெயிண்டில் குறை எதுவும் இல்லை, அறையின் விளக்குதான் அதற்குப் பொருந்தவில்லை.

இன்னொரு விஷயம், பளபளப்பான எந்தப் பூச்சிலும் மேலே ஒரு தெளிவான வார்னிஷ் படலம் இருக்கிறது. அதில் நேராக விழும் ஒளியில் சுமார் 4 சதவீதம் நிறத்தைத் தொடாமலே கண்ணாடியில் பட்டதுபோலத் திரும்பிவிடும். வெள்ளை பேஸில் இந்த 4 சதவீதம் தெரியவே தெரியாது, அடியிலிருந்து வரும் வெளிச்சம் அதைப்போல் இருபது மடங்கு. கறுப்பு பேஸில் அடியிலிருந்து வருவதே மிகக் குறைவு. அதனால் கறுப்பு பேஸின் படத்தில் நாம் பார்ப்பது பெரும்பாலும் எதிரே உள்ள ஜன்னல், மின்விசிறி, படம் எடுப்பவரின் பனியன். அடர்ந்த நிறம் எதுவானாலும் இந்தத் தொல்லை உண்டு.

எந்த வெளிச்சம்?

பட்டுப்புடவைக் கடையில் புடவையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போகிறவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். நேர் வெயில் படாத பகல் வெளிச்சம், அதாவது ஜன்னலோரமோ வாசல் நிழலோ, நிறத்தின் அடிப்படைச் சாயலைக் காட்டுவதில் மற்ற எல்லாவற்றையும்விட நேர்மையானது. மேகமூட்டமான பகலின் ஒளி சுமார் 6500 கெல்வின் (ஒளியின் சாயலைச் சொல்லும் அளவு; எண் கூடினால் நீலம், குறைந்தால் மஞ்சள்). நீல வானம் மட்டும் தெரியும் நிழலில் இன்னும் நீலம் கூடும், அதைக் கேமராவில் சரிசெய்துவிடலாம். முக்கியமானது, பகல் ஒளியில் ஊதா முதல் சிவப்புவரை எந்த நிறமும் விட்டுப்போவதில்லை. குறை ஒன்றுதான்: பரந்த வெளிச்சம் என்பதால் மெட்டாலிக்கும் கேண்டியும் அதில் தூங்கிவிடும். சாயலை நிழலில் பாருங்கள், மினுக்கத்தை வெயிலில் பாருங்கள். ஒரே படத்தில் இரண்டையும் எதிர்பார்க்கக் கூடாது.

வெயிலில் எடுத்த படத்தை மட்டும் வைத்து விற்பவர்களிடம் எச்சரிக்கையாக இருப்பது நல்லது. மதிய வெயிலில் எந்த மெட்டாலிக் பேஸும் அழகிதான். அதே பேஸ் உங்கள் வீட்டில் அந்த அழகுக்கு வருடத்தில் எத்தனை நிமிஷம் வரும் என்று யோசியுங்கள். மாலை வெயிலில் எடுத்த படம் இன்னும் மோசம். அந்த நேரத்து ஒளியே ஆரஞ்சு, ஒலிம்பிக் ஒயிட் அதில் வெண்ணெய் நிறமாகிவிடும்.

இப்போது வீட்டு எல்.இ.டி. விளக்குக்கு வருவோம். பேஸ் வாழப்போவது இதன் கீழேதான், இருந்தும் இதைப் பற்றித்தான் யாரும் யோசிப்பதில்லை. வெள்ளை எல்.இ.டி. என்பது உண்மையில் நீல எல்.இ.டி. அதன் மேல் உள்ள மஞ்சள் பாஸ்பர் பூச்சு நீலத்தின் ஒரு பகுதியை வாங்கி மஞ்சளாக மாற்ற, இரண்டும் சேர்ந்து கண்ணுக்கு வெள்ளையாகத் தெரிகிறது. அந்த ஒளியைப் பிரித்துப் பார்த்தால் 450 நானோமீட்டர் அலைநீளத்தின் பக்கத்தில் நீலம் ஈட்டிபோல நிற்கும், 480ஐ ஒட்டி ஒரு பள்ளம், பிறகு மஞ்சள் மேடு, அடர்சிவப்பு வரும்போது சரிவு. கண் இதைக் கண்டுகொள்வதில்லை, பெயிண்ட் கண்டுகொள்ளும். 480 பள்ளத்தால் சர்ஃப் கிரீன், டாஃப்னி ப்ளூ போன்ற பச்சைக்கும் நீலத்துக்கும் இடைப்பட்ட நிறங்கள் சாயல் மாறுகின்றன. சிவப்புச் சரிவால் கேண்டி ஆப்பிள் ரெட் பழுப்பாகிவிடுகிறது.

விளக்குப் பெட்டியில் சி.ஆர்.ஐ. என்று ஓர் எண் போட்டிருப்பார்கள், அந்த வெளிச்சம் நிறங்களை எவ்வளவு சரியாகக் காட்டும் என்பதற்கான மதிப்பெண், முழுமை 100. 80 என்றால் நல்லது என்று நினைத்துக்கொள்கிறோம். அந்த எண் எட்டு மங்கலான மாதிரி நிறங்களின் சராசரி. அடர்சிவப்புக்கென்று ஆர்9 என்று தனி மாதிரி இருக்கிறது, ஆனால் அது அந்தச் சராசரியில் சேராது. சி.ஆர்.ஐ. 80 உள்ள விளக்கில் ஆர்9 பூஜ்யத்தை ஒட்டியோ, அதற்குக் கீழேகூடவோ இருக்கலாம். அப்படிப்பட்ட விளக்கின் கீழே சன்பர்ஸ்ட்டின் சிவப்பு வளையம் காப்பித்தூள் நிறத்துக்குப் போய்விடும். சி.ஆர்.ஐ. 95க்கு மேல், ஆர்9 தனியாக அச்சிடப்பட்ட பல்ப் ஒன்றை மாட்டினால் வித்தியாசம் உடனே தெரியும்.

பழைய குண்டு பல்ப் சுமார் 2700 கெல்வின். நீலம் குறைவு, சிவப்பு தாராளம். ப்ளூவுக்கு அது எமன், சன்பர்ஸ்ட்டுக்கும் ரெட்டுக்கும் அமுதம். இசைக்கருவிக் கடைகளிலும் கூரையிலிருந்து குறிபார்க்கும் சின்ன மஞ்சள் ஸ்பாட்லைட்களைத்தான் வைப்பார்கள். சின்ன விளக்கு என்பதால் துகளும் மின்னும், மஞ்சள் என்பதால் மரமும் ஒளிரும். அதைத் தந்திரம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் கடையில் பார்த்ததையே முடிவாக எடுத்துக்கொள்ளவும் மாட்டேன்.

மேடையில் கணக்கே வேறு. அங்குள்ள எல்.இ.டி. விளக்குகள் சிவப்பு, பச்சை, நீலம் என்று தனித்தனி ஒளிகளைக் கலப்பவை. நீலம் மட்டும் எரியும்போது சிவப்பு பேஸுக்குத் திருப்ப எதுவுமில்லை, கறுப்பாகிவிடும். சிவப்பு மட்டும் எரிந்தால் சிவப்பு பேஸும் வெள்ளை பேஸும் அண்ணன் தம்பி. வெள்ளைக்கு இதில் ஒரு பெரிய லாபம் உண்டு. அது எந்த நிற வெளிச்சத்தையும் அப்படியே வாங்கிக்கொள்ளும் திரை. பின்வரிசையிலிருந்து பார்த்தாலும் பேஸின் வடிவம் தெரியும். சன்பர்ஸ்ட்டின் கறுப்பு விளிம்பு இருட்டுப் பின்னணியில் கரைந்து, நடுவில் ஒரு மஞ்சள் திட்டு மட்டும் மிதப்பதுபோல இருக்கும்.

மங்கிய அரங்கில் இன்னொரு வேடிக்கை. வெளிச்சம் குறையக் குறைய நம் கண்ணுக்குச் சிவப்பு சீக்கிரம் இருளும், நீலம் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். இதற்குப் புர்கின்யே விளைவு என்று பெயர். கேமராவுக்கு இந்தப் பழக்கம் இல்லை. அதனால் சின்ன அரங்கில் நேரில் பார்க்கும்போது கருத்துப்போயிருந்த ரெட், மறுநாள் வீடியோவில் பளிச்சென்று இருக்கும். எது உண்மை என்று பேண்டுக்குள் சண்டையே வரும்.

கேமரா செய்யும் வேலை

போன் கேமரா வெளிச்சத்தின் நிறத்தை அளப்பதில்லை, ஊகிக்கிறது. சட்டகத்தில் உள்ள எல்லா நிறங்களையும் கலந்தால் சாம்பல் வர வேண்டும் என்பது அந்த ஊகத்தின் பழைய அடிப்படை. இன்றைய போன்கள் அதற்கு மேலும் புத்திசாலிகள், ஆனாலும் நீல பேஸ் சட்டகத்தை நிரப்பினால் தடுமாறும். "வெளிச்சமே நீலம் போலிருக்கிறது" என்று நினைத்து மஞ்சளைக் கூட்டும், நீலம் சாம்பலாகும். நெருங்கி எடுத்த படத்தில் ஒரு நிறமும், தள்ளி நின்று சுவரோடு சேர்த்து எடுத்த படத்தில் வேறு நிறமும் வருவதற்கு இதுதான் காரணம். இரண்டில் நம்ப வேண்டியது பெரும்பாலும் தள்ளி நின்று எடுத்ததை.

வெளிச்ச அளவிலும் இதே கதைதான். கேமரா எல்லாவற்றையும் நடுத்தரச் சாம்பலாக்கப் பார்க்கும். வெள்ளை பேஸ் சாம்பலாக இருண்டு வரும், கறுப்பு பேஸ் வெளுத்து வரும். வெள்ளைக்குக் கொஞ்சம் கூட்டியும் கறுப்புக்குக் கொஞ்சம் குறைத்தும் எடுக்க வேண்டும். சிவப்புக்குத் தனிக் கவனம் தேவை. படத்தின் மொத்த வெளிச்சம் சரியாக இருப்பதுபோலத் தெரியும்போதே சிவப்பு சேனல் மட்டும் நிரம்பி வழிந்திருக்கும். அப்படி ஆனால் கேண்டி ஆப்பிள் ரெட்டின் ஆழமெல்லாம் போய், பிளாஸ்டிக் வாளி மாதிரி ஒரே தட்டையான சிவப்பு மிஞ்சும்.

பூச்சுக்கு மேலே கண்ணாடிபோலத் திரும்பும் அந்த 4 சதவீதத்தைக் கழற்ற போலரைசிங் ஃபில்டர் உண்டு. பரப்புக்குச் செங்குத்தான கோட்டிலிருந்து 55 டிகிரி அளவில் சாய்ந்து பார்க்கும்போது அது நன்றாக வேலை செய்யும். உலோகத் துகளின் மினுக்கத்தை அது அவ்வளவாகத் தொடாது. படம் அபாரமாக வரும், நிறம் சொட்டும். ஆனால் கண்ணுக்குப் போலரைசர் கிடையாது. பளபளப்பான பேஸின் படத்தில் பிரதிபலிப்பு ஒன்றுகூட இல்லையென்றால் நேரில் நிறம் அதைவிட ஒரு படி வெளிறித்தான் தெரியும் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

நீங்களே படம் எடுப்பதானால் மூன்று வழிகள். போனை ஆட்டோவில் விட்டு எடுப்பது ஒன்று. போனின் ப்ரோ மோடில் வைட் பேலன்ஸைப் (வெளிச்சத்தின் சாயலை ஈடுகட்டும் அமைப்பை) பூட்டி, முடிந்தால் போன் திருத்தாத ரா கோப்பாக எடுப்பது இரண்டு. தனிக் கேமராவும், வைட் பேலன்ஸுக்கு அளவுகோலாக வைக்கும் சாம்பல் அட்டையும் மூன்று. முதலாவதற்கும் இரண்டாவதற்கும் உள்ள தூரம் மிகப் பெரிது. இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் உள்ளது, நிறத்தைப் பொறுத்தவரை, சிறிது. பணம் செலவழிக்கத்தான் வேண்டுமென்றால் கேமராவுக்கு முன் விளக்குக்குச் செலவழியுங்கள்.

வைட் பேலன்ஸ் பார்க்க வெள்ளைத் தாளை வைப்பவர்கள் உண்டு. அச்சுத் தாளில் வெண்மையைக் கூட்டும் ரசாயனம் இருக்கிறது, பகல் ஒளியில் உள்ள புறஊதாவை வாங்கி நீலமாக உமிழும். அந்தத் தாளை நம்பிச் சரிசெய்தால் படம் மஞ்சள் பக்கம் சாயும். சாம்பல் அட்டை இல்லாவிட்டால் ஹார்டுவேர் கடையில் பிளம்பர்கள் வாங்கும் டெஃப்லான் டேப்பைப் பல அடுக்காக மடித்து வையுங்கள். எல்லா நிற ஒளியையும் ஏறக்குறைய ஒரே அளவில் திருப்பும் பொருள் அது, ஆய்வகங்களில் வெண்மைக்கு அளவுகோலாக வைக்கும் தகடுகளும் அதே இனம்தான். இந்தக் கட்டுரையில் மிக மலிவான யோசனை இது, மிகப் பயனுள்ளதும் இதுவே.

நமது மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் மட்டமான எல்.இ.டி. விளக்குகள் விநாடிக்கு 100 முறை துடிக்கும். ஷட்டர் வேகம் 1/50 அல்லது 1/100 வைத்தால் படத்தில் கோடு விழாது. அப்புறம், போனின் அகல லென்ஸைக் கிட்டே கொண்டுபோய் எடுக்க வேண்டாம். பேஸின் ஒரு முனையை ஒரு கோணத்திலும் மறு முனையை வேறு கோணத்திலும் அது பார்ப்பதால், மெட்டாலிக் பூச்சு ஒரு பக்கம் வெளுத்தும் மறுபக்கம் கருத்தும் வரும். ஏதோ பெயிண்ட் திட்டுத்திட்டாக அடித்ததுபோல இருக்கும். நாலைந்து அடி தள்ளி நின்று 2 மடங்கு ஜூமில் எடுத்தால் போதும்.

நான்கையும் எதிரெதிரே வைத்தால்

ஒலிம்பிக் ஒயிட்டில் படத்துக்கும் நேருக்கும் உள்ள வித்தியாசம் ஒரே அச்சில்தான் நகரும்: கொஞ்சம் மஞ்சளா, கொஞ்சம் நீலமா. அதைக் கண்டுபிடிக்கப் படத்திலேயே சாட்சிகள் இருக்கின்றன. குரோம் குமிழ்களும் கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜும் நிறமற்றவை, அவை மஞ்சளடித்தால் வெளிச்சம் மஞ்சள். குரோம் சாம்பலாக இருந்தும் உடம்பு மஞ்சளாக இருந்தால் பேஸே மஞ்சள். பழைய நைட்ரோ செல்லுலோஸ் பூச்சு காலப்போக்கில் மஞ்சளிப்பதால் 1960களின் ஒலிம்பிக் ஒயிட் பல இன்று வெண்ணெய் நிறம். இன்றைய பாலியூரித்தேன், பாலியெஸ்டர் பூச்சுகள் அவ்வளவு மஞ்சளிப்பதில்லை. ஆகவே புது பேஸ் வாங்கிவிட்டு அது பழசாகி வெண்ணெய் நிறத்துக்கு வரும் என்று காத்திருக்க வேண்டாம். அந்த நிறம்தான் பிடிக்கும் என்றால் அப்படியே அடித்து விற்கும் வின்டேஜ் ஒயிட்டை வாங்கிவிடலாம்.

சன்பர்ஸ்ட்டில் நிறம் ஓரளவு தாங்கும், எந்த வெளிச்சத்திலும் அது சன்பர்ஸ்ட்டாகத்தான் இருக்கும். தாங்காதது சிவப்பு வளையம். 1958 முதல் 1960 வரை அடித்த சில சன்பர்ஸ்ட்களில் சிவப்புச் சாயம் வெயிலில் வெளுத்து, மூன்று நிறம் இரண்டு நிறமாகிப்போனது. இப்போது சாயம் நிலைத்து நிற்கிறது, ஆனால் ஆர்9 குறைந்த விளக்கின் கீழே அதே இரண்டு நிற பேஸ் திரும்பி வந்துவிடுகிறது. பழைய பேஸின் படத்தில் சிவப்பைக் காணோம் என்றால் சாயம் வெளுத்ததா, விளக்கு விழுங்கியதா என்று பகல் படம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், விலையே மாறும். கேமராவின் கான்ட்ராஸ்ட் கறுப்பு விளிம்பை அகலமாக்கும், இருண்ட பகுதிகளை வெளுப்பாக்கிக் காட்டும் எச்.டி.ஆர். அதைக் குறுக்கும். எல்லாவற்றையும்விட முக்கியம், மரத்தின் ரேகை ஒவ்வொரு பேஸிலும் வேறு. கம்பெனிப் படத்தில் உள்ள ரேகை உங்களுக்கு வராது. உங்களுக்கு அனுப்பப்போகும் அதே பேஸின் படத்தைக் கேட்டு வாங்க வேண்டிய நிறம் இது.

லேக் பிளாசிட் ப்ளூவில் குறைந்தது மூன்று விஷயங்கள் ஒரே நேரத்தில் மாறுகின்றன. துகள் இருப்பதால் கோணத்துக்கு ஏற்ப வெளிச்சம் மாறும்; உடம்பின் முகப்பு வெளுத்தும் கை படும் சரிவும் இடுப்பு வளைவும் கருத்தும் தெரியும். நீலம் என்பதால் மஞ்சள் விளக்கில் செத்துப்போகும், குளிர்ந்த எல்.இ.டி.யின் 450 ஈட்டியில் மின்சாரம் பாய்ந்ததுபோல நிற்கும். பழைய நைட்ரோ பூச்சாக இருந்தால் மேல் படலம் மஞ்சளித்து நீலம் பச்சையாகத் திரும்பும். போன் இதன் மேல் தன் பங்குக்கு வண்ணத்தைக் கூட்டும், பார்க்கும் திரையும் கொஞ்சம் கூட்டும். ஆரம்பத்தில் சொன்ன மூன்று படங்களையும் இப்போது பிரித்துப் படிக்கலாம். கருநீலம், வெளிச்சம் துகளில் படாத கோணம். மயில்கழுத்து, ஒன்று மஞ்சளித்த பழைய பூச்சு அல்லது மாலை வெயில். சாம்பல், வீட்டு விளக்கும் ஆட்டோ வைட் பேலன்ஸும் சேர்ந்து செய்தது. நிழலில் எடுத்த படம் ஒன்றும், பேஸை மெல்லச் சாய்த்துக் காட்டும் வீடியோ ஒன்றும் இல்லாமல் இந்த நிறத்தைப் பற்றி எதையும் சொல்ல முடியாது.

கேண்டி ஆப்பிள் ரெட்டில் ஒளி சிவப்புப் படலத்துக்குள் போய், அடியில் உள்ள உலோகப் பூச்சில் பட்டு, மறுபடி அதே சிவப்பு வழியாக வெளியே வருகிறது. இரண்டு முறை வடிகட்டியதால்தான் அந்த ஆழம். சாய்ந்து பார்த்தால் ஒளி போகும் பாதை நீளும், சிவப்பு இன்னும் அடரும். விளிம்புகள் ஒயின் நிறத்துக்குப் போகும். அடிப்பூச்சு வெள்ளி நிறத்திலும் தங்க நிறத்திலும் வந்திருக்கிறது. தங்கம் என்றால் கொஞ்சம் ஆரஞ்சுச் சூடு, வெள்ளி என்றால் கொஞ்சம் குளிர்ச்சி. படத்தில் இந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கிறேன் என்று யாராவது சொன்னால் நம்ப மாட்டேன், ஏனெனில் வைட் பேலன்ஸ் 300 கெல்வின் தள்ளினாலே ஒன்று மற்றொன்றாகிவிடும். இந்த நிறத்தில் கேமரா ஏறக்குறைய எப்போதும் தோற்கும். ஆனால் தோற்கும் திசை நமக்குச் சாதகமானது: படத்தைவிட நேரில்தான் அழகு. லேக் பிளாசிட் ப்ளூவில் பெரும்பாலும் நேர்மாறு.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். சாட்டின் அல்லது மேட் பூச்சில் மேல்பரப்பின் ஒளி எல்லாப் பக்கமும் சிதறி நிறத்தின் மேல் மெல்லிய வெண்படலம்போலப் படியும். அதே சாயம் பளபளப்பில் இருப்பதைவிட வெளிறித் தெரியும், ஆனால் படமும் நேரும் நன்றாக ஒத்துப்போகும். ஃப்ளேம் மேப்பிள், க்வில்ட் மேப்பிள் மேற்பலகைகளில் உள்ள அலை, இழைகளின் சாய்வால் வருவது. பேஸை அசைத்தால்தான் உயிர் வரும், ஒற்றைப் படம் பாதியைத்தான் காட்டும். கோணத்துக்குக் கோணம் பச்சையாகவும் ஊதாவாகவும் மாறும் பூச்சுகளைப் படம் பார்த்து வாங்குவது சூதாட்டம்.

எதை வாங்குவது?

படம் ஒன்றுதான் ஆதாரம், திருப்பி அனுப்பவும் வழியில்லை என்றால் ஒலிம்பிக் ஒயிட். ஏமாற்றத்தின் அளவு அதில்தான் மிகக் குறைவு. மேடையில் நிறைய வாசிப்பவர்களுக்கும் அதையே சொல்வேன்.

விற்பவர் பேசக்கூடியவர், கேட்டால் பகலில் படம் எடுத்து அனுப்புவார் என்றால் சன்பர்ஸ்ட் சரி. கேட்க வேண்டியவை: ஜன்னலோரத்தில் குரோம் தெரியும்படி ஒரு படம், வெயிலில் சாய்வாக ஒன்று, பத்து விநாடி சாய்த்துக் காட்டும் வீடியோ, எதிலும் ஃபில்டர் கூடாது. இதை வாங்கிப் பார்ப்பதற்கு முன் உங்கள் போனையும் சரிபாருங்கள். நைட் மோட், கண் பாதுகாப்பு மோட் போன்றவை திரையை மஞ்சளாக்கும். 'விவிட்' திரை அமைப்பு எல்லா நிறத்தையும் ஊதிப்பெருக்கும். கம்பெனி தளத்தில் ஒரே மாடலின் ஐந்து நிறப் படங்களிலும் பிரதிபலிப்பு அச்சு அசலாக ஒரே இடத்தில் விழுந்திருந்தால், ஒரு பேஸைப் படமெடுத்து மற்ற நிறங்களைக் கணினியில் ஏற்றியிருக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம். அந்தப் படத்திலிருந்து நிறத்தின் பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு, வாங்கியவர்கள் எடுத்த படங்களைத் தேடுங்கள்.

வீட்டில் வாசித்து வீடியோ போடுபவர்தான் என்றால், விளக்கை மாற்றத் தயாராக இருக்கும் பட்சத்தில், நான் கேண்டி ஆப்பிள் ரெட்டைத்தான் சொல்வேன். சி.ஆர்.ஐ. 95 உள்ள சின்ன ஸ்பாட்லைட் ஒன்றை ஒரு பக்கமாக, 45 டிகிரி சாய்வில் வையுங்கள். கேமராவில் வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைத்து, வைட் பேலன்ஸைப் பூட்டுங்கள். அறையின் கூரை விளக்கை மாற்ற மாட்டேன், அது 6500 கெல்வின் சாதாரண எல்.இ.டி.யாகவே இருக்கும் என்றால் ரெட் வேண்டாம், அந்த அறையில் அது தினமும் பழுப்புதான்.

லேக் பிளாசிட் ப்ளூ அப்படிப்பட்ட குளிர்ந்த வெள்ளை அறைக்கு ரெட்டைவிடப் பொருத்தம், மினுக்கம் குறைந்தாலும் நீலமாவது நிற்கும். மஞ்சள் விளக்கு போட்ட அறைக்கு மட்டும் அதைக் கொண்டுபோகாதீர்கள். திருப்பி அனுப்பும் வசதியோடு ஆர்டர் செய்தால், பெட்டியைப் பகலில் பிரித்து, வாசல் நிழலில் ஒரு தடவையும் இரவு உங்கள் விளக்கின் கீழே ஒரு தடவையும் பார்த்துவிட்டு, திருப்பும் கெடு முடிவதற்குள் முடிவு செய்யுங்கள். இரண்டில் இரவு பார்த்ததற்குத்தான் அதிக மதிப்பெண்.